பன்றிமலையின் பன்னிருவர்

பழனி மலைத்தொடருக்கு வராககிரி, பன்றிமலை என்ற பெயர்களும் வழங்கி வந்திருக்கின்றன. இன்று பன்றிமலை என்றால் கீழ்ப்பழனி மலையில், ஆடலூரை அடுத்துள்ள ஒரு சிற்றூரைத்தான் திண்டுக்கல் பக்கத்தார் நினைப்பார்கள். காப்பியும் மிளகும் மலைவாழையும் விளைகிற ஊர் அது. மலையின் தெற்குச் சரிவில் இறங்கி, சோத்துப்பாறை அணையில் தேங்கி, பெரியகுளம் ஊருக்குள் புகுந்து வைகையில் சேரும் ஆற்றுக்கும் வராக நதி என்றே பெயர். வராகம் என்றதும் பூமியைக் கொம்பில் ஏந்திய திருமால் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் இந்த மலையோடு ஒட்டிக்கொண்ட கதை சைவக் கதை. சாபத்தால் பன்றிகளான பன்னிரண்டு பிள்ளைகளையும், அவர்களுக்காகத் தானும் பன்றியான இறைவனையும் பற்றியது.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் உள்ள 64 படலங்களில் 45ஆவது ‘பன்றிக்குட்டிக்கு முலை கொடுத்த படலம்’. அதன் தொடர்ச்சி 46ஆவதான ‘பன்றிக்குட்டிகளை மந்திரிகளாக்கிய படலம்’. பரஞ்சோதியாருக்கு முன்பே பெரும்பற்றப்புலியூர் நம்பியும் மதுரைத் திருவிளையாடல்களைப் பாடியிருக்கிறார். அவருக்கும் முன்னே மாணிக்கவாசகர் திருவார்த்தைப் பதிகத்தில், அம்பு பட்ட பன்றிக்கு இரங்கி ஈசன் பன்றியாகிப் பால் கொடுத்ததைச் சொல்லிவிட்டார். தலபுராணம் விரித்துரைத்த கதை, பக்திப் பாடலில் ஏற்கெனவே எல்லோரும் அறிந்த செய்தியாகவே வந்து போகிறது.

வைகைக் கரையில் குருவிருந்த துறை என்ற ஊர். சோழவந்தானுக்கு அருகில், குருப்பெயர்ச்சிக்குக் கூட்டம் கூடும் இன்றைய குருவித்துறைதான் அது. அங்கே சுகலன் என்ற வேளாளனுக்குப் பன்னிரண்டு ஆண் மக்கள். செல்லம் கொடுத்து வளர்த்தார்கள். தாய் தந்தையர் இறந்தபின் கேட்பாரற்று, பிள்ளைகள் வேடரோடு சேர்ந்து காட்டில் வேட்டையாடித் திரிந்தார்கள். ஒரு நாள் காட்டில் தவத்தில் இருந்த, தேவர்களின் குருவான வியாழ பகவானைக் கண்டு, கல்லையும் மண்ணையும் வாரி எறிந்து எள்ளினார்கள். பன்றி வயிற்றில் பிறந்து, தாயை இழந்து அலைவீர்களாக என்று குரு சபித்தார். அஞ்சி நடுங்கி விமோசனம் கேட்டதும் அதையும் உடனே சொன்னார்: இறைவனே தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுப்பான், பாண்டியனுக்கு மந்திரிகளாக்குவான், பின் தன் உலகில் சேர்ப்பான்.

அவர்கள் ஒரு பன்றியரசனுக்குக் குட்டிகளாகப் பிறந்தார்கள். இராசராச பாண்டியன் வேட்டைக்கு வருகிறான் என்ற செய்தி காட்டுக்கு வந்தபோது, பன்றியரசன் தன் பெட்டையைக் குட்டிகளோடு இருக்கச் சொல்கிறான். அவள் இருக்க மாட்டேன் என்கிறாள். கணவனைப் போருக்கு அனுப்பிவிட்டுப் பின்தங்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆண் பன்றி பாண்டியன் படையோடு மோதி மடிகிறது. பெட்டையும் போரிட்டே சாகிறது. புராணத்தில் மிக நன்றாக எழுதப்பட்ட பகுதி இது. சங்கப் பாட்டின் மறக்குடி வீட்டில் நடப்பது போலவே இருக்கிறது. கவனித்தால், இந்தப் படலத்தில் மனிதர்களாக இருந்தபோது ஒழுக்கம் கெட்டவர்கள் அந்தப் பிள்ளைகள்தாம். மானத்தோடு நடப்பவை பன்றிகள். விலங்காகப் பிறப்பது இழிவு என்ற கருத்தின் மேல் கட்டிய கதைக்குள்ளேயே அதை மறுக்கும் ஒரு காட்சி அமைந்துவிட்டது. (பன்றிமலைச் சரிவுகளில் வாழை போட்டவர்களுக்கு இந்த மரியாதையெல்லாம் ஒத்துவராது. கிழங்கைக் கிளறிப் போடும் காட்டுப்பன்றிக்குப் பயந்து பழைய சேலைகளைத் தோட்டத்தைச் சுற்றி வரிந்து கட்டுவது தமிழ்நாட்டு மலையடிவாரமெங்கும் உள்ள பழக்கம்.)

குட்டிகள் பசியில் கதறின. சோமசுந்தரக் கடவுள் தாய்ப்பன்றியின் வடிவத்தில் வந்து பால் கொடுத்தார். அந்தப் பாலால் அவற்றுக்கு உடல் மனித உடலாயிற்று. வலிமையும் கல்வியும் அறிவும் நிரம்பின. முகம் மட்டும் பன்றி முகமாகவே நின்றது. பன்னிருவரும் பன்றிமலையில் இருந்தார்கள். இறைவன் பாண்டியன் கனவில் தோன்றி, அந்த மலையில் இருப்பவர்களை அழைத்து வந்து மந்திரிகளாக வைத்துக்கொள் என்று கட்டளையிட்டார். அரசன் அப்படியே செய்தான். பழைய அமைச்சர்களின் பெண்களை மணந்து, நெடுங்காலம் ஆட்சிக்குத் துணை நின்று, கடைசியில் அவர்கள் சிவகணங்களானார்கள்.

மனிதரை விலங்காக்கும் கதைகளில் உலகப் புகழ் பெற்றவை கிரேக்கருடையவை. அவற்றில் பெரும்பாலானவற்றைத் தொகுத்து, கி.பி. 8ஐ ஒட்டி லத்தீனில் 15 காண்டங்களாகப் பாடியவர் ஓவிட். வேட்டையாடி அலைந்த அக்டேயான், நீராடிக்கொண்டிருந்த ஆர்ட்டெமிஸ் தெய்வத்தைத் தற்செயலாகப் பார்த்துவிடுகிறான், மானாகிறான், அவன் வளர்த்த நாய்களே அவனைக் கடித்துக் குதறுகின்றன. தான் யார் என்று கத்திச் சொல்ல நினைக்கிறான், வாயில் பேச்சு வரவில்லை. நெசவில் அத்தீனா தெய்வத்தையே போட்டிக்கு அழைத்த அரக்னே சிலந்தியாகிறாள். சீயஸ் உண்மையில் தெய்வந்தானா என்று சோதிக்க மனித இறைச்சி படைத்த லைக்கேயான் ஓநாயாகிறான். கலிஸ்டோ, ஐயோ போன்ற பெண்களோ எந்தப் பிழையும் செய்யாதவர்கள். தெய்வத்தின் காமத்துக்கும் இன்னொரு தெய்வத்தின் பொறாமைக்கும் இடையில் சிக்கிக் கரடியாகவும் பசுவாகவும் ஆனவர்கள். ஓவிட் பின்னாளில் ரோமப் பேரரசன் அகஸ்டஸால் கருங்கடல் கரைக்கு நாடு கடத்தப்பட்டபோது, அறியாமல் கண்ட ஒன்றுக்காகத் தண்டனை பெற்ற அக்டேயானோடு தன்னை ஒப்பிட்டுக்கொண்டார்.

இந்தக் கதைகளில் பல, உருமாற்றத்தோடு முடிந்துவிடும். சிலந்தி ஏன் நூல் நூற்கிறது என்பதற்கு விடை கிடைத்தாயிற்று. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. தமிழ்ப் புராணத்தில் உருமாற்றம் கதையின் தொடக்கம். சாபத்தோடு விமோசனமும் சேர்ந்தே வரும். அது இல்லாத சாபம் அரிது. சபிப்பவரும் பெரும்பாலும் முனிவரோ குருவோதான். விடுவிப்பதே தெய்வத்தின் வேலை. கிரேக்கத்தில் வில்லெடுத்த தெய்வமே தீர்ப்பும் எழுதுவதால், முறையீடு செய்ய வேறு இடமில்லை. ஐயோ மீண்டும் பெண்ணானது போன்ற விலக்குகள் அங்கும் உண்டு. ஆனால் அது சீயஸும் அவன் மனைவி ஹீராவும் செய்துகொண்ட சமாதானத்தின் விளைவு, அவளுக்கு முன்கூட்டிக் கொடுத்த வாக்கு அல்ல.

பன்றிமலைக் கதையோடு நேருக்கு நேர் வைத்துப் பார்க்கத் தகுந்தது ஹோமரின் ஒடிசி 10ஆம் காண்டத்தில் உள்ள சர்சீ கதை. சர்சீ என்ற மாயத் தெய்வம் கதைத்தலைவன் ஒடிசியஸின் கூட்டாளிகளுக்கு மருந்து கலந்த உணவைக் கொடுத்து, கோலால் தட்டிப் பன்றிகளாக்கித் தொழுவத்தில் அடைக்கிறாள். தலை, குரல், மயிர், உடல் எல்லாம் பன்றியுடையவை. அறிவு மட்டும் பழையபடியே மனித அறிவு. அதுதான் தண்டனையின் கொடுமை. பன்றிமலையில் இது தலைகீழ்: உடல் மனிதனுடையது, முகம் பன்றியுடையது, அறிவோ முன்பிருந்த மனித அறிவைவிடப் பன்மடங்கு உயர்ந்தது. ஹோமரின் பன்றிகள் விடுபட்டபோது முன்னைவிட இளமையும் அழகும் பெற்றார்கள், அதாவது அவர்களுக்குத் திருத்தம் உருவத்தில். பாண்டியனின் மந்திரிகளுக்குத் திருத்தம் உள்ளே.

இந்தச் சர்சீ கதையை வைத்துக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் ஒரு வேடிக்கை உரையாடல் எழுதியிருக்கிறார். கிரில்லஸ் என்ற பன்றி, திரும்ப மனிதனாகச் சம்மதிக்க மறுக்கிறது. வீரத்திலும் அடக்கத்திலும் விலங்குகளே மேல் என்று ஒடிசியஸிடம் வாதாடுகிறது. அதன் வாதத்துக்குச் சான்றாக அந்தப் பன்றியரசனையும் அவன் பெட்டையையும் நிறுத்தினால் சரியாகவே பொருந்தும்.

விளையாட்டாகத் தொடங்கும் இந்தக் கதைகளுக்கு அடியில் ஒரு கடினமான கேள்வி இருக்கிறது. பன்றியானவன் அதே ஆள்தானா? உடல் வேறு, குரல் வேறு, பசி வேறு என்றால் எது தொடர்கிறது? பழனி மலையிலேயே இதற்கு எதிரெதிரான இரு விடைகள் கற்பிக்கப்பட்டிருக்கின்றன. கொடைக்கானலுக்கு அருகே செண்பகனூரில் இயேசு சபையினர் 1895இல் நிறுவிய திரு இருதயக் கல்லூரி, இன்று அதன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காகவே அறியப்படுகிறது. குருத்துவத்துக்குப் பயின்றவர்கள் நெடுங்காலம் அங்கே மெய்யியல் படித்தார்கள். கத்தோலிக்க மெய்யியலின் அடித்தளமான தாமஸ் அக்வினாஸின் கொள்கைப்படி, உயிர் என்பது உடலுக்குள் குடியிருக்கும் தனிப்பொருள் அல்ல. உடலை இன்ன உடலாக ஆக்கும் வடிவமே அது. இதன் மூலம் அரிஸ்டாட்டில். எந்த உயிரும் எந்த உடலுக்குள்ளும் புகலாம் என்ற பித்தகோரியர் கருத்தை அவர் ஏற்கவில்லை. மனித உயிர் பன்றி உடலில் இருக்கவே முடியாது என்பதுதான் இதிலிருந்து வரும் முடிவு. அகுஸ்தீனார் ‘கடவுளின் நகரம்’ நூலின் 18ஆம் புத்தகத்தில் சர்சீ கதையையே எடுத்துப் பேசுகிறார். பேய்களால் மனிதரின் உடலையோ அறிவையோ உண்மையில் விலங்காக மாற்ற முடியாது. தோற்றமயக்கத்தை மட்டுமே உண்டாக்க முடியும் என்கிறார்.

மலையடிவாரத்துச் சைவ மடங்களும் புலவர்களும் கற்ற சித்தாந்தம் வேறு பாதையில் போகிறது. 13ஆம் நூற்றாண்டில், ஏறக்குறைய அக்வினாஸின் காலத்தில், மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் எழுதினார். மனிதர் மனிதராகவே, விலங்கு விலங்காகவே பிறக்கும் என்ற கட்சியை அதன் சுபக்கம் என்னும் பகுதியின் இரண்டாம் சூத்திரத்தில் எடுத்து மறுக்கிறார். அவர் காட்டும் சான்றுகள் எல்லாம் கதைகள்: அகலிகை கல்லானாள், திருமால் பல பிறவி எடுத்தார், சிலந்தி சோழ அரசனாயிற்று, எலி மாவலியாயிற்று. சிலந்தி திருவானைக்காவில் இறைவன்மேல் வலை பின்னிப் பந்தலிட்டது, கோச்செங்கட்சோழனாகப் பிறந்தது. எலி திருமறைக்காட்டில் அணையப்போன விளக்கின் திரியைத் தூண்டியது. தர்க்க நூலில் கதையைச் சான்றாக வைப்பது இன்றைய வாசகருக்கு நெருடும். புராணத்தை உரையளவையாக ஏற்கும் மரபில் அது முறையான வாதந்தான். கவனிக்க வேண்டியது இன்னொன்று. அகுஸ்தீனாரின் கவலை எல்லாம் மனிதன் கீழே இறங்க முடியுமா என்பதில் இருக்க, அருணந்தியார் சிலந்தியையும் எலியையும் மேலே ஏற்றிக் காட்டுகிறார்.

எது தொடர்கிறது என்பதற்குச் சித்தாந்தத்தில் நுட்பமான விளக்கம் உண்டு. சுவை, ஒளி, ஊறு, ஓசை, நாற்றம் என்ற ஐந்தும் மனம், புத்தி, அகங்காரம் என்ற மூன்றும் சேர்ந்தது புரியட்டகம் என்னும் நுண்ணுடல். பருவுடல் விழும்போது இது விழுவதில்லை. வினைக்கு ஏற்ற அடுத்த பருவுடலை உயிர் இதோடு சென்று சேர்கிறது. ஆகவே குருவின் சாபம் பிள்ளைகளை நின்ற இடத்தில் பன்றிகளாக்காமல், ஒரு பன்றியின் வயிற்றின் வழியாக அனுப்பியது தற்செயலாகத் தோன்றவில்லை. பாதாதிகேசம் மயிர் முளைத்து மூக்கு நீண்டு குளம்பு தோன்றும் ஓவிட்டின் வருணனைக்கு இங்கே இடமே இல்லை. உருமாற்றத்தைப் பிறவிக்குள் அடக்கிவிட்டது புராணம்.

உயிரின் இயல்பைப் பற்றி மெய்கண்ட மரபு சொல்லும் இன்னொரு கருத்து இந்தக் கதைக்கு இன்னும் நெருங்கிய சாவி: சார்ந்ததன் வண்ணமாதல். உயிர் எதைச் சார்கிறதோ அதன் தன்மையாகவே ஆகும். சுகலனின் மக்கள் பன்றியாவதற்கு முன்பே வேடராகிவிட்டார்கள். குலத்தால் அல்ல, கூட்டத்தால். பன்றியைச் சார்ந்து பன்றியானார்கள். இறைவனின் பாலைச் சார்ந்து அறிவரானார்கள். மூன்றும் ஒரே விதியின் மூன்று நிலைகள். பிளேட்டோவின் ‘குடியரசு’ பத்தாம் புத்தகத்தில் இதற்கு ஓரளவு ஒத்த காட்சி உண்டு: இறந்த உயிர்கள் அடுத்த பிறவியைத் தாமே தேர்கின்றன. பெண்களை வெறுத்த ஆர்ஃபியஸ் அன்னமாகவும், ஏஜாக்ஸ் சிங்கமாகவும், அகமெம்னான் கழுகாகவும் பிறக்க விரும்புகிறார்கள். அங்கே தேர்வு உயிருடையது, பழைய பழக்கம் அதை நடத்துகிறது. இங்கே வினையைக் கூட்டுபவன் இறைவன்.

பாலால் உருமீட்பு என்பது மதுரை வட்டாரத்தில் இன்னொரு முறையும் வருகிறது. கந்தபுராண மரபில் பராசர முனிவரின் ஆறு மக்கள் நீரில் மீன்களைத் துன்புறுத்தி விளையாட, தந்தையே அவர்களை மீன்களாகும்படி சபிக்கிறார். சரவணப் பொய்கையில் மீன்களாக வாழ்ந்தவர்கள், உமை முருகனுக்குப் பாலூட்டியபோது நீரில் கலந்த பாலை அருந்தி முழு உருவம் பெற்றுத் திருப்பரங்குன்றத்தில் தவம் செய்யப் போகிறார்கள். அவர்களுக்கு மீனின் அடையாளம் எதுவும் எஞ்சவில்லை. சூரபதுமனின் கதையோ வேறு: மாமரமாக நின்றவன் வேலால் பிளவுபட்டு மயிலும் சேவலுமாகிறான், பழையபடி அசுரனாவதே இல்லை. பழனியில் படியேறும் ஒவ்வொருவரும் கும்பிடும் மயில், அந்தப் புராணப்படி பார்த்தால், மீட்கப்படாத ஓர் உருமாற்றம். ஆனால் அவனுக்குக் கிடைத்த இடம் மீட்பைவிடப் பெரிது. தண்டிப்பதும் அருளே என்ற பொருளில் சைவர் இதை மறக்கருணை என்பார்கள். பன்றிக்குட்டிகளுக்குக் கிடைத்தது அறக்கருணை.

பன்னிருவருக்கு முகம் மட்டும் ஏன் மாறவில்லை? புராணம் காரணம் சொல்லாமல் கடந்து போகிறது. சித்தாந்தத்தின் வினைக் கணக்கில் ஒரு விடை தேடலாம். அருள் கிடைத்தவுடன் பழவினை எரிந்துபோகும், புதுவினை ஏறாது, ஆனால் இந்த உடலுக்கென்று அளந்து கொடுக்கப்பட்ட நுகர்வினை, உடல் உள்ளவரை உடலோடுதான் கழியும். ஞானிகளுக்கும் நோய் வருவதற்கு மரபு சொல்லும் காரணம் இதுவே. குரு கொடுத்த சாபம் பன்றிப் பிறவி. பால் அதன் கசப்பை நீக்கியது, பிறவியை ரத்து செய்யவில்லை. முகம் அந்தக் கணக்கின் மிச்சம். இந்த விளக்கம் தத்துவத்துக்குப் பொருந்தினாலும், கதையின் வலு வேறிடத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. அரசன் அந்த முகங்களையே அவையில் உட்காரவைத்து ஆலோசனை கேட்டான். அமைச்சர் வீடுகளில் அந்த முகங்களுக்கே பெண் கொடுத்தார்கள். முகத்தை மாற்றியிருந்தால் அரசனுக்கும் நாட்டுக்கும் எந்தச் சோதனையும் இருந்திருக்காது.

இறைவன் எடுத்த வடிவமும் சைவர்களுக்கு எளிதான ஒன்றல்ல. அண்ணாமலையில் அடியைத் தேடிப் பன்றியாகி நிலத்தைத் தோண்டித் தோற்றவர் திருமால் என்பது சைவர் பெருமையோடு சொல்லும் கதை. அதே உருவத்தைச் சிவன் தாமே, அதுவும் பெண்ணாகவும் தாயாகவும் எடுத்துக்கொண்டார். மதுரையில் திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபத்தில் இந்தத் திருவிளையாடலுக்குச் சிற்பம் இருக்கிறது. பன்றி முகத்தோடு இறைவன் குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் கோலத்தில், சிற்பிக்கு எந்தத் தயக்கமும் இருந்ததாகத் தெரியவில்லை.

பன்றிகளை அடுத்து வரும் இரு படலங்கள் கேள்வியை இன்னும் ஒரு படி கொண்டுபோகின்றன. முற்பிறவியில் மனிதனாக இருந்து, செய்த சிறு பாவத்தால் கரிக்குருவியாகப் பிறந்த ஒன்று காகங்களால் கொத்துண்டு, மதுரையின் பெருமையைக் காதில் கேட்டுப் பறந்து வந்து பொற்றாமரையில் மூழ்கி வழிபடுகிறது. அது மனித உருவைத் திரும்பக் கேட்கவில்லை. மந்திர உபதேசம் பெற்று, தன் இனத்துக்கும் சேர்த்து வலிமை கேட்கிறது. வலியான் என்ற பெயர் அதற்கு வந்தது. அடுத்து வரும் நாரை, பசித்தும் குளத்து மீனைத் தொடாமல் இருந்து நேரே முத்தி பெறுகிறது. பின்னால் வரும் பறவைகள் பாவம் செய்யாதபடி பொற்றாமரையில் மீனே இல்லாமற் போகவும் வேண்டிக்கொள்கிறது. மானிடப் பிறவி அரிது, அதில்தான் வீடுபேறு என்று சாத்திரங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இவ்விரண்டும் ஒத்துவரவில்லை. உரைகாரர்கள் முற்பிறவிப் புண்ணியத்தைக் காட்டி இதைச் சமாளிக்கலாம். கோயில் அந்தச் சிக்கலுக்குள் போவதில்லை. மீனாட்சியம்மன் கோயிலின் ஆவணி மூலத் திருவிழாவில் திருவிளையாடல்களை நடத்திக் காட்டும்போது, முதல் நாள் கரிக்குருவிக்கு உபதேசம், மறுநாள் நாரைக்கு முத்தி.